சேதி சொல்லப் போனவன் குடித்த தேநீர்

நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்று வந்து பொய் சொன்னேன். என் குற்றம் இவ்வளவுதான்... இவ்வளவுதானா!

ஓர் இளைஞனிடம் அவனுடைய தகப்பன் இறந்த செய்தியைச் சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதைச் சுமந்துகொண்டு இங்கிலாந்து வரை போனேன். போர்ட்ஸ்மவுத் என்னும் பழைய துறைமுக நகரத்தை அவனையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். செய்தியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மரக்காணத்தில் எனக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. உப்பளத்தைவிடப் பெரிய ஆசை ஒன்றும் உண்டு. பழைய துறைமுகங்களின் கதை. எந்தக் கப்பல் எந்த ஆண்டில் எங்கே நங்கூரம் போட்டது என்று தேடித் தேடிப் படிப்பேன், எழுதுவேன். ஒரு தேதியை இரண்டு நூல்களில் சரிபார்க்காமல் எழுதியது கிடையாது. ஊரில் யாருக்காவது தங்கள் கல்யாணம் நடந்த வருடம் மறந்துபோனால்கூட என்னிடம்தான் வந்து நிற்பார்கள். இவர் வாயில் தப்பு வராது என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் கன்னியம்மா என்னிடம் வந்தார்.

கன்னியம்மா கூனிமேட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். கருவாடு போடுவதற்கு என் களத்தில்தான் உப்பு வாங்குவார். அவருடைய கணவர் தேசிங்கு 2004 டிசம்பர் 26 காலை கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். அலை அவரை எடுத்துக்கொண்டது. மறுநாள் சவுக்குத் தோப்பில் கண்டெடுத்தார்கள்.

ஒரே மகன் ஏழுமலை அப்போது போர்ட்ஸ்மவுத்தில் இருந்தான். ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்த்தவன். அங்கே வந்து தங்கிய ஒருவர் மூலம் அந்த நகரத்து உணவகம் ஒன்றில் வேலை கிடைத்துப் போயிருந்தான். போய்ச் சில மாதங்கள்தான். பாதியில் திரும்பினால் மறுபடி போக முடியாது.

பதறிப்போய் அவன் போன் செய்தபோது, எல்லோரும் நன்றாக இருக்கிறோம், படகு மட்டும் போய்விட்டது என்று கன்னியம்மா சொல்லிவிட்டார். அப்பாவைக் கூப்பிடு என்று அவன் கேட்கவில்லை. தேசிங்கு போன் பக்கமே வராத மனிதர். கம்பிக்குள்ளிருந்து வருகிற குரலுக்கு எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது என்று கூச்சப்படுவாராம். அதனால் மகனுக்குச் சந்தேகம் எழவில்லை. குப்பம் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டது.

2005 மே மாதம். என் மகளும் மருமகனும் அதே போர்ட்ஸ்மவுத்தில் குடியிருந்தார்கள். நான் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும் கன்னியம்மா களத்துக்கு வந்தார்.

"போன்ல சொல்ற சேதியா ஐயா இது? ஆளு போயி, பக்கத்துல உக்காந்து, தோள்ல கைய வச்சிச் சொல்லணும். நீங்க போறீங்க. நீங்களே சொல்லிடுங்க."

சரி என்றேன். அவர் இன்னொன்றையும் நினைவுபடுத்தினார். சாவுச் சேதி கொண்டு போகிறவர் சொல்லி முடிக்கும்வரை அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் அவர் விருந்தாளி ஆகிவிடுவார். விருந்தாளி வாயிலிருந்து சாவு வரக் கூடாது. அன்றைக்குச் சொல்லாமல் எழுந்துபோய், இன்னொரு நாள் வெறும் வாயோடு வந்து சொல்ல வேண்டும். அந்தக் கரையில் எல்லாக் குப்பங்களிலும் இதுதான் வழக்கம். எனக்கும் நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் செய்தேன்... அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே கடற்கரையில் மணல் இல்லை. கூழாங்கற்கள். கால் வைத்தால் சரசரவென்று சத்தம் போடும். மே மாதத்திலும் காற்று எலும்பைத் தொட்டது. முன்பே போனில் பேசி வைத்திருந்தபடி ஏழுமலை ஒரு பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி என் கையில் வைத்துவிட்டான்.

"நடுங்குறீங்களே சார். மொதல்ல இதைக் குடிங்க. அப்புறம் பேசுவோம்."

கையில் சூடு ஏறியது. இஞ்சி வாசனை. ஒரு நொடி... ஒரே ஒரு நொடி யோசித்தேன். குடித்தேன்.

அவன் கேட்டான்: "அப்பா எப்படி இருக்காரு சார்? இன்னும் போனைக் கண்டா ஓடுறாரா?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! அந்தச் சிரிப்பைத்தான் அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

இன்று குடித்துவிட்டேன், ஆகவே இன்று சொல்லக் கூடாது, அடுத்த முறை வெறும் வாயோடு வருவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கத்தை மதிக்கிறவனைப் போல! அதற்குள் அவன் வேறொன்று சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை. பழைய மரப் போர்க்கப்பலைக் காட்ட அழைத்துப் போகிறானாம்.

நான் முப்பது வருடம் படித்த கப்பல் அது. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை ஒழியவில்லை. எனக்கோ அந்த ஊர்ப் பேருந்து ஏறத் தெரியாது. இவன் இல்லாவிட்டால் நான் மகள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். செய்தியைச் சொன்னால்... சுற்றிப் பார்ப்பது அன்றோடு முடிந்தது.

இப்போது புரிகிறதா? என் தயக்கத்துக்கு இரக்கம் காரணமே இல்லை. இரக்கம் என்று அன்று நம்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

கப்பலைப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் உத்தரம் தலையில் இடித்தது. பீரங்கிகளுக்கு நடுவே மாலுமிகள் தொட்டில் கட்டித் தூங்கிய இடத்தைப் பார்த்தேன். மலைப்பாம்பு போலச் சுருட்டி வைத்திருந்த கயிறுகளைத் தடவியபடி ஏழுமலை சொன்னான், இதில் அப்பா ஏறியிருந்தால் எல்லா முடிச்சையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டிப் பார்த்திருப்பார் என்று. நான் அந்தக் கப்பல் கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அடுத்த வாரம் காற்றுமெத்தையின் மேல் ஓடுகிற படகில் எதிரே இருந்த தீவுக்குப் போனோம். நடுக்கடலில் வட்டமாகக் கல்கோட்டைகள் நின்றன. அதற்கடுத்த வாரம் நகரத்துக்கு வெளியே, ரோமானியர் எழுப்பிய மதிலைப் போய்ப் பார்த்தோம். மதிலின் காலடி வரைக்கும் கடல் வந்து நக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் அவன் பிளாஸ்க்கோடு வந்தான். ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக நீட்டினான். நான் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டேன்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை அவன் முகம் முழுக்கச் சிரிப்பாக வந்தான். உணவகத்துக்கு வருகிறவர்களிடம் எனக்காக விசாரித்திருக்கிறான்.

"சார், இந்த ஊருலயும் உப்பளம் இருந்துச்சாம். வாங்க, காட்டுறேன்."

நகரத்தின் கிழக்குப் பக்கம். இப்போது அங்கே புல்வெளிதான். அதைத் தாண்டினால் கடல் வற்றிய சேறு, நீர்ப்பறவைகள். ஆனால் இடத்தின் பெயரில் மட்டும் உப்பளம் இன்னும் இருக்கிறது. காற்று திரும்பியது. சேறும் உப்பும் கலந்த அந்த வாசனை... நம் மரக்காணத்தின் வாசனை! ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

"எங்க ஊட்டு வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்குது சார்."

அன்று அவன் பிளாஸ்க் கொண்டுவரவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டான். என் வாய் வெறும் வாய். பக்கத்தில் அவன் தோள். கை வைக்கிற தூரம்தான்.

நான் கேமராவை எடுத்து நீட்டினேன். பெயர்ப் பலகையோடு என்னைப் படம் பிடிக்கச் சொன்னேன்.

புறப்படுகிற அன்று ரயில் நிலையத்துக்கு வந்தான். நீலக் கம்பளித் தொப்பி ஒன்றைக் கொடுத்தான். அந்த ஊர் மீனவர்கள் போடுவதாம். "கடலுக்குப் போனா காதுல காத்து ஏறுதும்பாரு சார். அப்பாவப் போட்டுக்கச் சொல்லுங்க." வாங்கிப் பையில் வைத்தேன். ரயில் நகர்ந்தது. அவன் கையசைத்துக்கொண்டே இருந்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் கன்னியம்மா உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொல்லிட்டீங்களா ஐயா?"

"சொல்லிட்டேன்."

"அழுதானா?"

அழுதான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று. தேதியைக்கூட இரண்டு நூல்களில் சரிபார்க்கிற நான், ஒரு மகனின் துக்கத்தை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டினேன். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, 'மண்ணு போட்டது யாரு' என்று கேட்டான் என்றேன்.

கன்னியம்மா தலையை ஆட்டினார். "கேட்டானா? அதானே. எம் புள்ள அதைத்தான் கேப்பான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரிய பாரம் எறங்கிச்சி ஐயா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் பேசுவான், இந்த ஞாயித்துக்கிழமை போன் வரும். இனிமே அவங்கப்பாவப் பத்தி மனசு விட்டுப் பேசலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை உறைக்கவே இல்லை! எது போனில் நடக்கக் கூடாது என்று என்னை அவ்வளவு தூரம் அனுப்பினாரோ, அதைப் போனில் நடக்க வைத்துவிட்டேன். அதுவும் அவர் வாயாலேயே. அவனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, தயங்காமல், தயார்ப்படுத்தாமல்...

உண்மையைச் சொல்ல இன்னும் நாட்கள் இருந்தன. சொன்னேனா? இல்லை. உணவகத்துக்குப் போன் செய்தேன். யாரோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார்கள். வைத்துவிட்டேன். குப்பம் வரை நடந்தேன். கன்னியம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருப்பதைச் சவுக்குத் தோப்பில் நின்று பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன். காலும் வாயும் என்னுடையவை போலவே இல்லை.

பிறகு ஓர் ஆறுதலைக் கண்டுபிடித்தேன். அவனும் அந்தக் கரையில் பிறந்தவன்தானே? வழக்கம் தெரியாதா? ஊரிலிருந்து ஒருவர் வந்து நின்றதுமே அவனுக்குப் புரிந்திருக்கும். நான் சொல்லிவிடக் கூடாது என்றுதான் தேநீரை முதலில் நீட்டியிருக்கிறான். ஒவ்வொரு முறையும்! அவனுக்கு எல்லாம் தெரியும்... இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை கூனிமேட்டுக்குப் போனேன்.

மகனின் அழைப்பு வருகிற போன் கடையில், கடைக்காரர் பாய் எனக்கு ஸ்டூல் போட்டார். கன்னியம்மா கண்ணாடிக் கதவுக்குள் போய் ரிசீவரை எடுத்தார். குரல் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. முதலில் சாதாரணமாக. பிறகு நின்றன. காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் கேள்விப்பட்டவனாட்டம் அழுவுறான் ஐயா. உங்ககிட்ட அழுதது பத்தல போலிருக்குது."

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. குளிரில் நடுங்கியவனுக்குத் தேநீர் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் கொடுமை! கன்னியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. 'மண்ணு போட்டது யாரு' என்று மகன் கேட்டதாகக் குப்பம் முழுக்கச் சொல்லிச் சொல்லி அதை உண்மையாக்கிவிட்டார்.

2006இல் ஏழுமலை ஊருக்கு வந்தான். ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"வேணாங்க சார்."

நல்ல வெயில். சைக்கிளில் வந்தவன். உதடு காய்ந்திருந்தது. ஒரு வாய்கூடத் தொடவில்லை. எனக்குப் புரிந்தது. சேதியோடு வந்திருக்கிறான்.

உள்ளே போய்க் கம்பளித் தொப்பியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்தான். எடுக்கவில்லை. இப்போது சொல்வான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். சொல்லப்பா, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

இந்த வருடம் உப்பு விளைச்சல் எப்படி என்று கேட்டான். சுமார் என்றேன்.

எழுந்தான். "வர்றேன் சார்" என்றான். போய்விட்டான்.

பிறகு அவன் வரவில்லை. தொப்பி என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகைப் படமும் இருக்கிறது; நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டால் செம்பை நிரப்பிக்கொண்டு வெளியே வருகிறேன்... வருகிறவர்கள் எல்லோரும் வாங்கிக் குடித்துவிடுகிறார்கள்.