மூன்று பேர் என்றார்

எங்கள் தெருவில் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். இதில் கழிக்க ஒன்றுமில்லை. நடந்தது. நர்ஸ் சிஸ்டர் தன் வாயாலேயே சொன்னது. போதாததற்கு டாக்டரின் டிரைவரிடமும் விசாரித்துவிட்டேன்.

பேய் என்றால் நடு ராத்திரிதான் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

சிஸ்டர் வேலை பார்ப்பது குடியை நிறுத்த வருகிறவர்களுக்கான சின்ன மருத்துவமனை. எட்டே கட்டில். ஒரு ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தே எத்தனை வருடக் குடி என்று சொல்லிவிடுவாள். ஆனால் சொந்த அக்கா வீட்டுக்காரர் காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபோது, "நரம்புத் தளர்ச்சி" என்று அக்கா சொன்னதை மூன்று வருடம் நம்பினாள். தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. விளக்கின் அடியில்தானே இருட்டு.

கடைசியில் அவளேதான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அக்கா அழவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: "உன்னை நம்பித்தான் அனுப்புறேன். உயிரோட திருப்பிக் கொடுத்துடு."

குடியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளில் கை உதறும், வியர்க்கும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். வலிப்பு வந்து உயிரே போகலாம். அதனால் அங்கே மணிக்கு ஒருமுறை நான்கு கேள்விகள் கேட்பார்கள். இது எந்த இடம்? என்ன கிழமை? நான் யார்? இந்த அறையில் எத்தனை பேர்? இல்லாதவரையும் சேர்த்து எண்ணினால் இன்னொரு தூக்க ஊசி. டாக்டர் எழுதிவைத்த உத்தரவு.

மூன்றாம் நாள். மற்றக் கட்டில்கள் காலி. ஆயாம்மா லீவு. கீழே கேட்டில் வாட்ச்மேன். மாடியில் அவளும் அவரும் மட்டும்.

மணி 12:50. உதறல் நின்றிருந்தது. வியர்வை இல்லை. இடம் சரி, கிழமை சரி.

"நீ யாருன்னா கேக்குற? என் கொழுந்தியா. ஊசி போடறதுன்னா உனக்குக் கொள்ளை ஆசை."

கிண்டல்கூடத் திரும்பிவிட்டது.

"ரூம்ல எத்தனை பேர், மாமா?"

"மூணு."

ஊசி போட்டாள்.

1:50. எல்லாம் சரி. மறுபடியும் மூணு. மறுபடியும் ஊசி.

2:44. இப்போது நாக்கு குழறியது. நாடி எண்பது, மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு. எழுதிவைத்தாள்.

"மூணு பேரு... அந்தம்மா உக்காந்திருக்காங்கல்ல. என் மூச்சை எண்ணிக்கிட்டு..."

மூலையில் ஒரு நாற்காலி. காலி.

உடம்பு முழுக்கத் தேறிய மனிதர் இந்த ஒன்றை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார்? வேறு நோயாளியாக இருந்தால் யோசித்திருப்பாள். அக்காவின் முகம் கண்ணில் நின்றது. 2:46க்கு மூன்றாவது ஊசியும் ஏறியது.

அவர் தூங்கிவிட்டார். குறட்டை. மின்விசிறி. வேறு சத்தமில்லை.

2:55.

"...பத்து."

யாரோ, மெதுவாக.

திரும்பினாள். நாற்காலி காலி.

"...ஒன்பது."

குறட்டை நின்றிருந்தது...

"...எட்டு."

கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் நெஞ்சைப் பார்த்தாள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள்.

எட்டு.

உதடு நீலம்.

செயற்கை மூச்சு கொடுக்கும் பையை அவர் முகத்தில் வைத்து அமுக்கினாள். போனை எடுக்கக் கை ஏது? கத்தினாள். வாட்ச்மேனுக்குக் காது மந்தம்.

அமுக்கினாள்.

"...ஏழு."

அவள் காதோரம்.

அமுக்கினாள்...

3:05. படியில் தடதடவென்று சத்தம். டாக்டர்! வந்ததும் தூக்க மருந்தை முறிக்கும் மாற்று ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் உதடு பழைய நிறத்துக்கு வந்தது.

அக்காவுக்கு ஆளை முழுசாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எட்டு மாதமாக ஒரு சொட்டு இல்லை. சோடா பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டாலே மனிதர் எழுந்து போய்விடுகிறார்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் வீட்டிலிருந்து வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவரை யார் கூப்பிட்டது? போய்க் கேட்டாள்.

"நீங்கதானே சிஸ்டர். வார்டு போன்ல இருந்து. மூச்சு எட்டு, உடனே வாங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க."

தன் செல்போனை எடுத்துக் காட்டினார். வார்டு நம்பர்தான். மணி 2:40.

2:30லிருந்து 2:44 வரை அந்தப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தது அவள்தான். யாரும் போனைத் தொடவில்லை.

2:40க்கு அவர் நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மூன்றாவது ஊசி மருந்து, அப்போது இன்னும் பூட்டிய அலமாரிக்குள் உடைக்காமல்தான் இருந்தது.