எந்த ஸ்டாண்டர்ட்?

மலேசியாவில், ஈப்போவின் சிலிபினில் சாயங்கால மழை விடுவதாக இல்லை. ஹோட்டல் அறையில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்த மாமாக் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். உலக நாடுகளுக்கெல்லாம் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ எனப்படும் நிதி அறிக்கை விதிகள் எழுதும் ஓர் அமைப்பில் பன்னிரண்டு வருடமாக வேலை. இங்கே மூன்று நாள் கூட்டம். ரப்பர் மரத்தைக் கணக்கில் உயிருள்ளதாகக் கொள்வதா, இயந்திரமாகக் கொள்வதா என்று இன்று முழுக்கப் பேசினோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற மரங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைக்காரர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை வைத்துவிட்டு, "அக்காவுக்கு என்ன வேலை?" என்கிறார்.

"ஸ்டாண்டர்ட்ஸ்ல இருக்கேன்."

"எந்த ஸ்டாண்டர்ட்? ஸ்டாண்டர்ட் சிக்ஸா? அப்ப டீச்சர்லா!"

பள்ளி வகுப்பு என்று நினைத்துவிட்டார். திருத்த வாயெடுப்பதற்குள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்கிறார். திருத்தினால் எழுந்து போய்விடுவார்.

"புள்ளைங்க ஒழுங்கா படிக்குதா டீச்சர்?"

நாங்கள் வெளியிடும் தடித்த புத்தகங்களை நினைத்துக்கொள்கிறேன். "முழுசா யாருமே படிக்கிறதில்ல அண்ணே."

"மனச விட்டுறாதீங்க. பரீட்ச வந்தா படிச்சிருவாங்க லா."

இந்த வேலைக்காக யாரும் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை.

"நாளைக்குக் காலையில பசியாற இங்கயே வாங்க."

வருகிறேன் என்கிறேன். டீச்சராகத்தான் வர வேண்டும்.