காவல் இல்லாத மதகு

குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு இரட்டை மதகு. அதைத் திறந்து மூடும் லஸ்கர் காத்தான். இருபத்திரண்டு வருஷ சர்க்கார் உத்தியோகம். கிழக்குக் கரையில் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் பண்ணை. மேற்குக் கரையில் கூலிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் துண்டு நிலங்கள். முறைப்படி மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. திருகுக்கம்பியைப் பன்னிரண்டு சுற்று ஏற்றினால் தண்ணீர் சரியாகப் போகும்.

கரையில் யார் கொடுத்த மோரையும் அவர் வாங்கிக் குடித்ததில்லை. ஒரு கரையில் கை நனைத்துவிட்டால் மறு கரைக்குப் பதில் சொல்ல முடியாது என்று ஒரு வைராக்கியம். மனைவி அம்சவல்லி இருந்தவரை தூக்குச்சட்டியோடு நாலு பேச்சும் வரும். அவள் போன பிறகு சட்டி மட்டும்தான். அதையும் அவரேதான் தூக்கிவந்தார்.

கூலித் தகராறு முற்றிப்போயிருந்த வருஷங்கள் அவை. ஒரு பக்கம் சங்கக் கொடி, மறுபக்கம் மிராசுதார்கள், நடுவே போலீஸ் வண்டி. யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. தண்ணீரை எவன் திருப்பிவிடுவானோ என்று மதகுக்கு மதகு இரண்டு கரை ஆட்களும் காவல் கிடந்தார்கள். பக்கத்து மதகு லஸ்கர் நெய்னா முகம்மதைச் சுற்றிப் பகலெல்லாம் இருபது பேர். பீடியும் ஆடுபுலி ஆட்டமும் வம்புமாக ஒரே கச்சேரி. அட, சண்டை போடவாவது அங்கே ஆள் இருந்தது! காத்தானின் மதகில் கொக்குதான் வந்து நிற்கும். அதுவும் மீன் இருந்தால். எட்டிப் பார்க்க நமக்கு ஒரு நாதி இல்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

எழுபதாம் வருஷம் புது என்ஜினியர் வந்தார், நல்ல மனுஷர். தண்ணீர் நின்ற பிறகு, மாசியில், நன்றாக வேலை பார்த்த லஸ்கருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார். யாருக்கு என்பதை விவசாயிகளே கை தூக்கிச் சொல்லட்டும் என்றார். காத்தான் காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பொன்னாடை அவருக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

கீற்றுப் பந்தலில் எழுத்தர் பெயர்களை வாசித்தார். நெய்னா முகம்மது என்றதும் பந்தல் முழுக்கக் கைகள். காத்தான் என்றபோது ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைகூட எழவில்லை. நெய்னாவுக்குப் பொன்னாடை விழுந்தபோது காத்தானும் கை தட்டினார். வேறென்ன செய்வது?

கரையோடு திரும்பும்போது பின்னால் பொன்னுத்தாய் வந்தாள். மேற்குக் கரையில் நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகிறவள், சங்கத்தில் முன்னால் நிற்பவள். காத்தானுக்கு அன்றைக்கு மனசு தாங்கவில்லை. தானே போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

“ஏம்மா, அப்படி நான் என்ன கொறை வச்சேன்? காத்தான்னு படிச்சப்ப ஒரு கைகூடவா தூக்கக்கூடாது?”

அவள் நின்றுவிட்டாள். “காத்தான்னா நீங்களாண்ணே? எங்களுக்கு ரெட்டை மதகு லஸ்கர்னுதான் தெரியும்.”

“பேருதான் தெரியல. ஒரு நாளாச்சும் அந்தப் பக்கம் யாராச்சும் வந்தீங்களா?”

“எதுக்குண்ணே வரணும்? எல்லா மதகுக்கும் காவல் போடணும்னு சங்கத்துல பேச்சு வந்துச்சு. ரெட்டை மதகுக்கு மட்டும் வேண்டாம், அங்க அவரு இருக்காருன்னு சொல்லிட்டோம். பண்ணையிலயும் அதையேதான் சொன்னாங்களாம். ரெண்டு கரையும் ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.”

காத்தான் தலையை ஆட்டிவிட்டுக் கரையோடு நடந்தார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே நாலு மாதத்தை ஓட்டினார்.

ஆனியில் தண்ணீர் வந்தது. முதல் முறை மேற்குக் கரைக்கு. பன்னிரண்டு சுற்று ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். இரண்டு கரையிலும் ஈ, காக்கை இல்லை. இனியும் யாரும் வரப்போவதில்லை. ஏன் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஒரு சுற்றைக் குறைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் இருபது பேர் ஓடிவருவார்கள். திட்டுவார்கள், பெயரைக் கேட்பார்கள், இங்கேயே உட்கார்ந்து பீடி பற்றவைப்பார்கள். மறுநாளும் வருவார்கள். அவர் கை ஒரு சுற்றை இறக்கியும்விட்டது.

கீழே தண்ணீர் ஒடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு அந்தச் சுற்றைத் திரும்ப ஏற்றிப் பூட்டைப் போட்டுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.