முகமூடி தலையாட்டிய மதியம்

லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு ஒத்துவராத ஒன்று, இந்த ஊர்க்காரரின் தலையாட்டல். குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது என்னைக் கண்டால் வாய் திறக்கமாட்டார். நாடியை ஒருதரம் கீழே இறக்கி ஏற்றுவார், அவ்வளவுதான் வணக்கம். நான் திருப்பித் தலையாட்டுவதில்லை. "மோர்னிங்" என்று உரத்துச் சொல்லுவேன். உன் அப்பாவுக்கு என்மேல் ஏதும் கோபமா என்று ஒருநாள் என் மகளிடம் கேட்டிருக்கிறார். எனக்குக் கழுத்து நோவென்று சொல்லச் சொன்னேன். மனிதர் அடுத்தநாளே நோவுக்குப் பூசுகிற களிம்பொன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

மகள் மதுராவுக்குப் பதினெட்டு வயது. செப்டெம்பரில் பல்கலைக்கழகத்துக்கென்று ஸ்கொட்லாந்துக்குப் போகிறாள். அவளோடு நான் சேர்ந்து செய்ததென்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. சனிக்கிழமை காலைகளில், மனைவி ஷிப்டுக்குப் போனபிறகு, இருவரும் சோபாவில் இருந்து ஒரு ஜப்பான் தொடர் பார்ப்போம். வெள்ளி முகமூடி போட்ட வீரன் ஒருவன் ஊரைக் காப்பாற்றுகிற கதை. கீழே ஓடும் ஆங்கிலத்தை என்னால் எட்டிப்பிடிக்க ஏலாது என்பதால் அவள் வாசித்துச் சொல்லுவாள். முகமூடி என்றால் எனக்கு ஆகாது. ஆனால் அந்தப் பொடியன் எங்கள் கண்முன்னாலேயே தன் முகத்தோடு நின்று, பிறகுதான் முகமூடியைப் போடுவான். உள்ளே இருப்பது யார் என்று முதலே தெரியும். அதனால் பார்த்தேன்.

தொடர் முடிந்தது. முடிந்தபிறகு, முந்திய தொடரின் வீரனும் இந்தத் தொடரின் வீரனும் ஒன்றுசேர்ந்து வருகிற கடைசிப் படமொன்று எடுப்பது அவர்கள் வழக்கமாம். லண்டனில் ஒரேயொரு காட்சி, ஞாயிறு மதியம். "அப்பா, இது நாங்கள் ரெண்டு பேரும்தான் பாக்கோணும். பிறகு நான் போயிடுவன்," என்றாள். அதற்காகவே வேலை செய்கிற கடையில் லீவு எடுத்தேன்.

திரையரங்கு வாசலில் வரிசை. ரசிகர்களில் ஒருவர் அந்த வெள்ளி முகமூடியோடு கதவடியில் நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கைக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் முறை வந்தது. முகமூடி மதுராவைப் பார்த்தது. மெதுவாகத் தலையாட்டியது.

நான் அவளுடைய கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தேன். "குந்து. தலையைக் குனி. அவன்ர கண்ணைப் பாக்காதை," என்றேன். சொல்லிவிட்டு நானே அந்த நடைபாதையில் குந்திவிட்டேன், இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அப்பா, வட் ஆர் யூ டூயிங்? எல்லாரும் பாக்கினம்," என்று மதுரா அழுவாரைப்போலச் சொன்னாள். யாரோ தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள். அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார்கள். முகமூடிக்காரர் ஓடிவந்து முகமூடியைக் கழற்றினார். ஒரு பெண். எங்கள் தமிழ்ப் பெண். வியர்த்த முகம், நெற்றியில் சின்னப் பொட்டு. "சொறி அங்கிள். நான் இங்க கோலியர்ஸ் வுட்டிலதான் இருக்கிறன். பயந்திட்டீங்களோ?" என்றது பாவம். அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மதுராவை உள்ளே போகச் சொல்லிவிட்டு எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில் போய் இருந்தேன். அவள் இரண்டுதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பதினாறு வயதில் இராணுவத்தினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களையெல்லாம் வரிசையாக விட்டார்கள். ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலை ஆடினால் அந்த ஆள் போனான். எனக்கு முன்னால் அண்ணை. சாக்கு ஆடியது. அடுத்தது நான். அந்த இரண்டு ஓட்டையும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஆடவில்லை. அண்ணை திரும்பி வரவேயில்லை. எங்களைத் தெரிந்தவனால்தானே எங்களைக் காட்டிக்கொடுக்க ஏலும்? அவன் எங்கள் ஊரவன்தான். "உனக்கு ஏன் ஆட்டேல்லை?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். நான் தப்பியது அவருக்குச் சந்தோசமா, துக்கமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரைக்கும் பதிலும் தெரியாது. அதன்பிறகு நான் யாருக்கும் தலையாட்டியதில்லை.

படம் விட்டு மதுரா சிவந்த கண்ணோடு வந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு மட்டை முகமூடி கொடுத்தார்களாம். எனக்கும் சேர்த்து இரண்டு வாங்கியிருந்தாள். ரயிலில், "உங்கட சீற்றில என்ர பையை வச்சனான்," என்றாள். படத்தின் கடைசியில் எங்கள் வீரன் முகமூடியை ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறானாம். அவன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். பிறகு கேட்டாள்: "ஏன் அப்பா என்னைக் குந்தச் சொன்னீங்கள்?"

சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல்தரம். ஸ்ட்ராட்போர்டில் தொடங்கி இல்ஃபோர்டில் முடித்தேன். அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும். முகமூடிகளைப் பைக்குள் ஒளிக்கப் பார்த்தாள்.

"ஒண்டைத் தா, பிள்ளை," என்றேன்.

போட்டுக்கொண்டேன். ஓட்டைகள் மிகச் சின்னவை. பக்கத்தில் ஒன்றும் தெரியாது. முன்னால் இருக்கிற ஒரு முகம் மட்டும் தெரியும். அது என் மகளின் முகம். எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, யூ ஓக்கே?" என்று கேட்டாள்.

தலை தானாக அசையப் போனது. கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். "ஓம்," என்றேன், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஓம், பிள்ளை."

எதிரே இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி என் வேடத்தைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையாட்டினார். குட்மேய்ஸ் வரும்வரை நான் கழுத்தை அசைக்கவில்லை.