மேற்கையே காட்டிய திசைகாட்டி

முற்காலத்து மகிழுந்துகளில் வழிகாட்டும் கருவி ஏதும் இருந்ததில்லை என்று அண்மையில் ஓர் அன்பர் உறுதிபடக் கூறினார். இருந்தது. அதை நம்பி ஒரு பிற்பகல் முழுவதும் நடுங்கியவன் நான். ஆதலின் இதை எழுதி வைப்பது என் கடமையாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவிலில் என் மனைவியின் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே மனைவிக்கு மூச்சிழுப்பு கண்டது. உறிஞ்சும் மருந்தும் தீர்ந்திருந்தது. மருத்துவர் ஊசியிட்டு, "கோயமுத்தூருக்கே கொண்டு போயிருங்க" என்றார்.

மைத்துனர் தம் பழைய வண்டியை எடுத்தார். அதன் முன்கண்ணாடியில், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொணர்ந்த திசைகாட்டி ஒட்டியிருந்தது: எண்ணெயில் மிதந்தபடி, வண்டி போகும் திசையைக் காட்டும் எலுமிச்சையளவு உருண்டை. அதையொட்டி, முகப்புப் பலகையில் ஒரு சிறு பிள்ளையார்.

காங்கயம் தாண்டியதும் சரக்குந்து ஒன்று கவிழ்ந்து சாலையை அடைத்துக் கிடந்தது. மைத்துனர் ஊர்ச்சாலையில் திரும்பினார்.

"மேக்கயே புடிச்சுப் போனாப் பல்லடம் வந்துருமுங்க மாமா. அதுக்குத்தான் இது இருக்குதில்லீங்க" என்று உருண்டையைத் தட்டிக் காட்டினார்.

மழை மூட்டத்தில் ஞாயிறு தென்படவில்லை. இருமருங்கும் கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காடுகள், ஒன்றற்கொன்று வேறுபாடில்லை. கேட்பதற்கு ஆளுமில்லை. பின்னிருக்கையில் என் தோளில் சாய்ந்திருந்த மனைவியின் மூச்சு சீழ்க்கையாய் ஒலித்தது. அவ்வொலிக்கு அஞ்சினேன், அது இடையே நின்றபோது அதனினும் அஞ்சினேன்.

இடப்பக்கம் கூரை சரிந்த மோட்டார் அறை ஒன்று கடந்து போயிற்று. சாலை வளைந்தபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். உருண்டை மேற்கையே காட்டிற்று. சிறிது நேரத்தில் அதே மோட்டார் அறை மீண்டும் வந்தது, இம்முறை வலப்பக்கத்தில்.

"மாப்பள, வந்த வழியே திரும்பிப் போறோம். இது மட்டும் திரும்பவே இல்லியே?"

அப்போதுதான் பிள்ளையார் கண்ணில் பட்டார். அதற்கு முந்தின வாரம் அவிநாசியில் கோயில் வாசற்கடையில் என் மனைவியே தம்பிக்கென்று வாங்கியது. பலகையில் ஒட்டி நிற்க அடியில் காந்தம் பதித்தது. அக்காந்தம் உருண்டையை அசையவிடாமல் பிடித்திருந்தது.

"அந்தச் சாமிய எடுங்க மாப்பள."

"அக்கா இப்பிடிக் கெடக்கறப்பச் சாமிய எடுக்கறதுங்களா? நான் மாட்டேனுங்க மாமா."

காந்தத்தின் இயல்பை அறிந்திருந்தும், எனக்கும் கை எழவில்லை. மனைவிதான் கண் திறந்தார்.

"எங்கிட்டக் குடு கண்ணு... வெளியவா வீசப் போறோம்... மடியில வெச்சுக்கறேன்."

பிள்ளையார் பின்னிருக்கைக்கு வந்தார். உருண்டை தயங்கி, மெல்லச் சுழன்று, கிழக்கில் நின்றது. வீணான நேரத்தை எண்ணவும் அஞ்சினேன். மைத்துனர் வண்டியைத் திருப்பினார்.

பல்லடத்தில் முதலில் கண்ட மருத்துவமனையிலேயே உயிர்வளி வைத்தார்கள். செவிலியர் மனைவியின் விரல்களை விரித்தபோது, காந்தத்தின் வட்டம் உள்ளங்கையில் சிவந்து பதிந்திருந்தது.

மறுநாள் மைத்துனர் பிள்ளையாரைப் பழைய இடத்திலேயே அமர்த்தித் திசைகாட்டியைக் கழற்றிவிட்டார்.

"சாமி இருக்கட்டுமுங்க. வழிய ஆரையாச்சும் கேட்டுக்கலாம்."

"நேத்துக் கேக்கறதுக்கு ஆரு கண்ணு இருந்தா?" என்றார் மனைவி, மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி.

அன்று நான் சாலையைப் பார்த்ததினும் மனைவியின் முகத்தைப் பார்த்ததே மிகுதி. ஆதலின் காங்கயத்துக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட ஊர்ச்சாலைகளை நன்கறிந்தவர்கள், நான் குறித்த திருப்பமோ மோட்டார் அறையோ பிழையெனக் கண்டால், திருத்தியருள வேண்டுகிறேன்.