ஊதாத் தூளும் என் வாயும்

அக்காவின் மார்பில் கட்டி கண்ட பிறகுதான் அத்தான் விஞ்ஞானி ஆனார். அதுவரை அவர் ஓட்டமாவடிப் பக்கம் கூரை ஓடு விற்றவர். யாரோ அவரை ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் திரையில் படம் காட்டி, எல்லா நோய்க்கும் காரணம் உடம்புக்குள் துருப்போல ஏறும் ஒட்சியேற்றம், எங்கள் ஊதாப் பழத்தூள் அதை அடித்து விரட்டும் என்றானாம். அத்தான் இரண்டு டின்னோடு வீடு வந்தார். வந்த கையோடு எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கினார். நான் பதினெட்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன்.

கோபம்கூட வரவில்லை, இளக்காரம்தான் வந்தது. நாவற்குடா வீட்டு விறாந்தையில், வந்திருந்த உறவுகளுக்கு முன்னால் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். ஒட்சியேற்ற அழுத்தம் உடற்கலத்தைச் சிதைத்துப் புற்றைத் தொடங்கி வைக்கலாம், அது உண்மை. அதைத் தடுக்க ஒவ்வொரு கலத்திலும் காவற்புரதங்கள் உண்டு. ஆனால் புற்று வந்த பிறகு கதை வேறு. சில புற்றுக்கலங்கள் அதே புரதங்களைத் தங்களுக்கு அடியாளாக வைத்துக்கொள்ளும். புற்றுக்கு ஏற்றுகிற மருந்துகளில் சில அந்த அழுத்தத்தைக் கூட்டித்தான் அந்தக் கலங்களைக் கொல்லப் பார்க்கும். அந்த நேரத்தில் தூளைக் கரைத்துக் கொடுப்பது, கள்ளனைப் பிடிக்க வந்த பொலிசின் கையைப் பிடித்து வைக்கிற வேலை. எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் முகம் சிறுத்துப்போய் எழுந்து போனார். அத்தோடு தூள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இவ்வளவையும் குரலைத் தாழ்த்தியே சொன்னேன். உள்ளே படுத்திருந்த அக்காவின் காதில் புற்று என்ற சொல் விழக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவளுக்கு அது வெறும் கட்டி. அந்த மடத்தனமான சட்டத்தைப் போட்ட மாமிமாரை மனதுக்குள் திட்டினேனே தவிர, நானும் மீறவில்லை.

ஐந்தாம் முறை மருந்து ஏற்ற அக்காவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனேன். வேறு ஏதாவது குடிக்கிறாவா என்று டொக்டர் கேட்டார். அக்கா பையிலிருந்து ஊதாத் தூள் டின்னை எடுத்து மேசையில் வைத்தாள். மருந்து ஏற்றத் தொடங்கிய முதல் நாளிலிருந்து காலையும் மாலையும் இரண்டு கரண்டியாம். இன்றே நிறுத்தச் சொன்னார் டொக்டர். இதுவரை ஏற்றிய மருந்தின் வேலையை அது கெடுத்திருக்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து அத்தானை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அக்கா முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் ஓடு விக்கிற மனிசன், அவருக்கு என்ன தெரியும்? நீ படிச்சவன். அவரோட கதைச்சு வெண்டுபோட்டாய். குடிக்கிறவள் நான். என்னட்ட வந்து ஒரு சொல்லுச் சொன்னியா?"

நோயின் பெயர் உனக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள், அதனால்தான் என்று இழுத்தேன்.

"புற்றுநோய்ப் பிரிவு எண்டு வாசல்ல பெரிசா எழுதிக் கிடக்கு தம்பி. எனக்கு வாசிக்கத் தெரியும்."

ஸ்கேனுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமையும் இளக்காரம் செய்ய எனக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.