ஹாலை அடைத்து நின்ற காந்த ஸ்பீக்கர்

எங்கள் தெருவுக்குப் பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி ஒருத்தர் குடிவந்திருக்கிறார். பாட்டுக் கேட்பதில் அவருக்குக் கிறுக்கு. போன மாசம் வாசலில் நின்று என்னிடம் கேட்டார், "பெரியம்மா, உங்க வீட்டுல தட்டையா ரெண்டு ஸ்பீக்கர் நின்னுச்சாமே. அது மாதிரி வாங்கலாமா? வீட்டுல வச்சுப் பொழங்க முடியுமா?" என்று. நின்றுகொண்டே சொல்லுகிற விஷயம் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகவே எழுதுகிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த ஸ்பீக்கர் என் மகன் வாங்கியது. அவனுக்கு மதுரையில் வேலை, அங்கேயே ஒரு ஃபிளாட்டில் இருந்தான். வெளிநாட்டுக்குப் போகிற யாரோ ஒருத்தரிடம் வாங்கினான். ஆளுயரத்துக்கு இரண்டு பலகை. கதவை நிலையிலிருந்து கழற்றி நடுவீட்டில் நிறுத்தின மாதிரி இருக்கும். மற்ற ஸ்பீக்கரில் இருக்கிற வட்டமும் கூம்பும் இதில் கிடையாது. உள்ளே மெல்லிசாக ஒரு தாள், அதன் மேல் கம்பி ஓடுகிறது, பின்னால் வரிசை வரிசையாகக் காந்தம். அந்தத் தாள் முழுசும் அதிர்ந்து பாடும் என்றான். பிளேனர் என்று என்னவோ பேர் சொன்னான். முன்பக்கம் பாடுகிற மாதிரியே பின்பக்கமும் பாடுமாம், அதனால் சுவரை விட்டு மூணடி தள்ளித்தான் நிற்க வேண்டுமாம்.

ஃபிளாட்டில் மூணடிக்கு எங்கே போக? இங்கே இடம் இல்லை என்று மருமகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தவறின பொறவு என்னைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் அவள் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். அப்படியாக நாங்கள் இரண்டு பேரும் இங்கே ராஜபாளையத்து வீட்டில் தங்கினோம், ஸ்பீக்கரும் நானும்.

ஹாலில் ஜன்னலோரம் கிடந்த என் கட்டில் அடுப்படியை ஒட்டின அறைக்குப் போனது. ஹாலில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். இரண்டு பலகைக்கும் சரிசமமான தூரத்தில் அதைப் போட்டு, நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டான். அதில் உட்கார்ந்தால்தான் பாட்டு. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் வற்றிப்போய்விடும். புருசனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அது தோதுப்படாது. ஒண்டியாக இருக்கிறவனுக்கு ஏற்ற சாமான் அது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து நாயனம் போட்டான். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எதிரே நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நாயனக்காரர் மூச்சு வாங்குவதும், சீவாளியை உதட்டில் நனைக்கிறதும் கூடக் கேட்டது. தவுல்தான் கொஞ்சம் சப்பென்று இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் மாதிரி நெஞ்சில் வந்து இடிக்கிற சத்தம் அதில் வராது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அம்புட்டு நல்லா இருந்தது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதைவிடப் பெரிய நல்லது, அவன் வந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தலைகாட்டுகிறவன், ஸ்பீக்கர் வந்த பொறவு மாசம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை வந்தான். நானும் கறி எடுத்துச் சமைத்தேன். சாப்பிடும்போது கூடக் காது ஹாலில்தான் இருக்கும். பாட்டு ஓடும்போது மிக்சி போடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவோம், வண்டியில் செத்த நேரந்தானே என்று கேட்டேன். கூட்டமா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது தறிக்கூடம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். தூசி அந்தத் தாளில் ஏறக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னான். பாட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியோ அடுப்பு மாதிரிக் காந்தும். ஜன்னலும் சாத்தி, அந்தச் சூடும் சேர்ந்தால் வீட்டில் மனுசர் இருக்க முடியாது. கனத்த துணியால் மூடினால் ஈரம் கோக்குமோ என்று பயந்து, தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணியே வாங்கி இரண்டு உறை தைத்துப் போட்டேன். தறிக்காரர் பெண்டாட்டி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ரெண்டு பேரும் பஸ்ஸுல அடிபட்டுட்டாங்களா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தச் சமயம் எனக்கு முழங்கால் வீங்கி, நடமாட்டம் குறைந்துபோனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகள் இருக்கிறாள். வந்துரும்மா, கீழ் ரூமை ஒழித்துத் தருகிறேன் என்று வற்புறுத்தினாள். எனக்கும் பாதி மனசு. மகனிடம் போனில் சொன்னேன். அவன் பதறிப்போனான். "போகாதம்மா, நீ அந்த வீட்டுலதான் இருக்கணும்" என்றான். அந்தக் குரல் இப்பவும் என் காதில் இருக்கிறது. மறுவாரம் நானே பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய், அவள் மாமியாரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"எம் மகன் என்னை விடமாட்டேங்கான் மதினி. ஆம்பளப் பிள்ளை இருக்கையில மக வீட்டுல வந்து சோறு தின்ன எனக்கு என்ன வந்துச்சு?"

அந்த அம்மா நல்லதுதான் மதினி என்றார்கள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் தைத்த உறை கீழே நழுவிக்கொண்டே இருந்ததால் பின்பக்கம் ஊக்குக் குத்தி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எதற்கும் ஊக்குத்தான் குத்துவோம். ஸ்பீக்கருக்குள் காந்தம் என்று சொன்னவன், இரும்பைப் பக்கத்தில் கொண்டுவராதே என்று சொல்லவில்லை. ஒரு ஊக்குத் திறந்துகொண்டு, காந்தம் இழுக்க, துணி வழியாக உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. அந்த மாசம் வந்தவன் பாட்டைப் போட்டான். பாட்டோடு ஒரு வண்டும் சேர்ந்து ரீங்காரம் பண்ணியது. உறையைக் கழற்றி, டார்ச் அடித்து, ஊக்கைக் கண்டுபிடித்துவிட்டான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து உள்ளே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"இதைப் பாத்துக்கத்தானம்மா உன்னைய இங்கயே இருக்கச் சொன்னேன்."

சொன்னது என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் இலை போட்டேன். சாப்பிட வா என்று கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டான், ரசம் நல்லா இருக்கு என்றான். நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துப் பார்த்துக் கட்டின வீட்டில் நான் வாட்ச்மேனாக இருந்திருக்கிறேன்.

பொறவும் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூசி தட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன். மகள் வீட்டில் அப்படிப் பேசிவிட்டு வந்தவள் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது?

இந்த வருஷம் அவன் மதுரையில் சொந்தமாக வீடு கட்டினான். பால் காய்ச்சின அன்றைக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டினான். மாடியில் பெரிய அறை, சுவரில் கம்பளம் அடித்து, அது ஸ்பீக்கருக்கு. கீழே ஒரு அறை சும்மா இருந்தது. இது யாருக்குலே என்றேன். "யாராவது விருந்தாளி வந்தா இருக்கட்டும்மா" என்றான்.

அடுத்த வாரம் வேன் கொண்டுவந்தான். அன்றைக்குக் காலையிலேயே தலைக்குக் குளித்து, மடிப்புச் சேலை எடுத்துக் கட்டியிருந்தேன். மாற்றுச் சேலை நாலும் மாத்திரையும் ஒரு பையில் இருந்தன. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்றான்.

கோயிலுக்கு என்றேன்.

இரண்டு பலகையும் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றான் வேன்காரன். மகன் உள்ளே போய் என் கட்டிலில் கிடந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்தான், அடுத்த தடவை வரும்போது கொண்டுவாரேன் என்று. கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"இனிமே உனக்கு இந்தத் தொந்தரவு இல்லம்மா. அக்காதான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காளே, அங்க போயிரேன்."

"ஏலே, நான் எங்க இருக்கணும்னு நீ இனிமே சொல்லாத" என்றேன்.

சரிம்மா என்றான். அவன் கண் கயிற்று முடிச்சில் இருந்தது.

தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், இடத்தை அடைக்கிறது, நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு தடவை போன் பண்ணினான், புது அறையில் ரொம்ப நல்லாப் பாடுதும்மா என்று. இரண்டாம் சனிக்கிழமை வருகிறது, போகிறது. அவன் வரவில்லை.

கட்டிலை மறுபடி ஹாலில் ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். இப்பவாவது வாயேம்மா என்றாள். இப்பத்தான் ஹால் எனக்குக் கிடைச்சிருக்கு, விட்டுட்டு வரச் சொல்லுதியா என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வெறும் பலகை மேல் போர்வை விரித்திருந்ததைக் கையால் தடவினாள்.

"மெத்தை எங்கம்மா?"

"மாடியில காயப் போட்டிருக்கேன்."

சொன்ன பொறவுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தாள்.

"சரிம்மா, காயட்டும்" என்றாள்.